கோட்டின் அகலம்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பழைய மைப்பேனாவின் படத்தைப் போட்டாலும் போட்டீர்கள், ஆளாளுக்கு உருகி வழிந்துவிட்டீர்கள். பெஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக மை வாங்கியது, சாக்பீஸால் மை ஒற்றியது, பேனாவை உதறி முன்பெஞ்சுக்காரியின் தாவணியைப் புள்ளிமானாக்கியது. எல்லாம் உண்மைதான். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று ஒருத்திக்குக் கோபம். "உங்கப்பா நிப்பையெல்லாம் லென்ஸ் வெச்சு அளப்பாரே, அதை எழுதுடி" என்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக நினைவிருக்கிறது. எனக்கு அது வேடிக்கை இல்லை. குழுவில் எழுதினால் நடுநடுவே கைகூப்பும் பொம்மைகளாகப் போட்டு நிரப்புவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். நமக்கும் வயதாகிறது. இனி இதைச் சொல்லாமல் வைத்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்போது நாங்கள் டவுனுக்கு வெளியே கணபதியில் இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், அதில் முறை வைத்து வரும் சிறுவாணித் தண்ணீர். அப்பாவுக்கு மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில் வேலை, டூல் ரூமில். மற்றவர்கள் செய்யும் சாமான் சரியாக வரவேண்டுமானால் அதை வெட்டுகிற உளியும் வார்க்கிற அச்சும் சரியாக இருக்க வேண்டும் அல்லவா, அந்த உளியையும் அச்சையும் செய்கிற இடம் அது. அங்கே தலைமயிரில் பாதி கூடினால் சாமான் குப்பைக்குப் போகும். அந்தப் புத்தியை அப்பா கம்பெனி கேட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். கதவு இடுக்கு, கட்டில் கால், அம்மா சுடும் தோசை எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

"என்னை மட்டும் அளந்து பாக்காமக் கட்டிப்போட்டாரு" என்பாள் அம்மா.

"உன்னைய அளக்க என்ன இருக்குது, பொறந்ததுல இருந்து பாத்த புள்ளதானே" என்பார் அப்பா. அம்மா அவருக்குச் சொந்த மாமன் மகள். வெள்ளகோவிலில் அவள் தொட்டிலில் கிடந்தபோதே இவருக்குத்தான் என்று பேசி வைத்தது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இருவருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

நிப்புக்கு வருகிறேன். கடைகளில் நிப்புக்கு ஃபைன், மீடியம் என்று பேர் சொல்லி விற்பார்கள். ஒரு கம்பெனியின் ஃபைன் இன்னொரு கம்பெனியின் மீடியத்தைவிடத் தடியாக எழுதும். நமக்கெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை. எழுதினால் சரி. அப்பாவுக்கு அது பச்சை மோசடி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னால் எங்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி டவுன்ஹாலில் இறக்கி, பெரிய கடை வீதிப் பக்கத்துச் சந்தில் இருந்த பேனாக்கடைக்குக் கூட்டிப்போவார். போனதும் கடைக்கார பாயிடம் வழக்கு ஆரம்பித்துவிடும்.

"பேரு எதுக்குங்க பாய்? எத்தனை அகலம்னு போட்டு வித்தா ஆவாதுங்களா?"

"நீங்க அளந்தே வாங்கிட்டுப் போங்க சார், யாரு வேண்டாங்கறாங்க" என்று பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவருக்கு அப்பா ஒரு பொழுதுபோக்கு.

அப்பா சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுப்பார். கண் குழியில் இடுக்கிக்கொள்ளும் கறுப்பு லென்ஸ் அது. உள்ளே ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துக் கோடுகள் போட்டிருக்கும். சாதாரணத் தாளில் மை பரவிவிடும் என்பதால், கம்பெனியில் படம் வரைகிறவர்களிடமிருந்து டிரேசிங் தாளின் ஓரத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார். அதில் ஸ்கேல் இல்லாமல், கையாலேயே, நிதானமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். மை தானாகக் காயும்வரை ஊதக் கூடாது. காய்ந்த பிறகு லென்ஸை வைத்துக் கோட்டின் அகலத்தைப் பார்த்து, பக்கத்திலேயே பென்சிலால் குறித்து, தேதி போடுவார். அதில் வென்ற நிப்புத்தான் எங்கள் பேனாவுக்குப் போகும்.

இதற்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம். கோடு தடித்தால் சின்ன எழுத்தில் சுழி அடைபட்டு மைப்பொட்டாகிவிடும். திருத்துகிறவருக்கு எழுத்து தெரியாது, மார்க் போய்விடும். அதனால் அரை மில்லிமீட்டருக்கு மேலே போகிற நிப்பை எங்கள் வீட்டில் சேர்க்கமாட்டார். பரீட்சை வருகிற வருஷம் என்பதால் அக்காவுக்கு அதைவிடவும் மெல்லியதாகத் தேடினார்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுடைய கையெழுத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பள்ளி வாசலில் இருந்த கரும்பலகையில் அன்றாடம் திருக்குறள் எழுதியவள் அவள்தான். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக் கட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவுவது என் வேலை, விலாசம் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும். நிப்பு தாளைத் தொடும் சத்தமே வராது. என் பேனா கறகறவென்று சுரண்டும்.

அக்கா பத்தாவது போன வருஷம், ஆடி மாதத்தில், அவளுடைய கோடு முதன்முதலாகக் கெட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் பேனாக்களைக் கழுவி, மை நிரப்பி, ஆளுக்கொரு கோடு இழுக்கச் சொல்லிப் பார்ப்பார். நிப்பு தேய்கிறதா என்று பார்க்கத்தான். அன்று அக்கா இழுத்த கோட்டை லென்ஸில் பார்த்துவிட்டு இன்னொன்று இழுக்கச் சொன்னார். அதையும் பார்த்தார்.

"கையை அமுத்திப் புடி கண்ணு."

"புடிச்சுத்தானுங்கப்பா இழுக்கறேன்."

ஜன்னல் வழியாக ஆடிக் காற்று வீட்டையே தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற அந்தக் காற்று உங்களுக்குத் தெரியும். காற்றில் தாள் ஆடியிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

ஆவணியில் அத்தை மகனுக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டு வந்தது. அக்கா வழக்கமாக ஒரு மாலையில் முடித்துவிடுகிற வேலை, அந்த முறை இழுத்துக்கொண்டே போனது. எழுதுவாள், கையை உதறுவாள், மறுபடி எழுதுவாள். வாங்கிப் போக வந்த அத்தை ஒரு உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, கோழி சீச்சாப்பல இருக்குது. இதையக் கொண்டுபோயி ஒறம்பரைக்கு எப்படிங்க குடுக்கறது? புள்ளைக்கு நம்மூட்டு வேலைன்னா எளக்காரமாப் போச்சாட்ட இருக்குது."

அம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டு, சொந்தக்காரர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா அடிக்கவில்லை. அவர் உறையை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில வாரங்கள் நிப்பு மாற்றும் வாரங்கள். அப்பாவும் அக்காவும் நானும் பாயின் கடைக்கு நடையாக நடந்தோம். பாய் இருக்கிற பெட்டியையெல்லாம் திறந்து காட்டினார். சலிக்காமல் புது நிப்பைப் பொருத்திப் பொருத்தி நீட்டினார். அக்கா கோடு இழுப்பாள். ஒரே கோட்டில் ஓரிடம் மெல்லியதாக, ஓரிடம் இரண்டு மடங்கு தடியாக, மணி கோத்தது மாதிரி வரும். அதே பேனாவை வாங்கி அப்பா இழுப்பார். கோடு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அகலத்தில் போகும். கடைசியில் ஒரு நாள் பாயிடம் "நிப்பு மேல தப்பில்லீங்க பாய்" என்று ஒப்புக்கொண்டார். தோற்றுப்போனவர் மாதிரித் தெரியவில்லை. கோளாறின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட தெம்பு அவர் முகத்தில் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்காவுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். லேத்தில் உளி நன்றாகத் தீட்டியிருந்தும் இரும்பின் மேல் அலை அலையாகத் தடம் விழும். சேட்டர் என்பார்கள். உளியைக் கவ்விப் பிடிக்கிற இடம் தளர்ந்திருக்கிறது, அதனால் அதிர்கிறது என்று அர்த்தம். உளியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பிடியை இறுக்க வேண்டும்.

"நான் ஆட்டலீங்கப்பா. அதுவா ஆடுதுங்க."

"அதுவா எப்படி அம்மணி ஆடும்? கை உன்றதுதானே?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

மறுவாரம் கம்பெனியிலிருந்து ஒரு கட்டை செய்துகொண்டு வந்தார். தேக்குக் கட்டை, நடுவில் கை மணிக்கட்டு உட்காருகிற அளவுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு வழவழவென்று மெருகு. டூல் ரூமில் உருண்டைக் கம்பியை அசையாமல் உட்கார வைக்க இரும்பில் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். அதை அக்காவின் மணிக்கட்டுக்காக மரத்தில் செய்திருந்தார். மேலே கட்ட சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை. கூடவே ஒரு பேனா. வெளி உடம்பு முழுக்கப் பித்தளை, லேத்தில் அவரே கடைந்தது. எடை இருந்தால் அதிர்வு அடங்கும் என்பது அவர் கணக்கு. பேனா பார்க்க நகை மாதிரி இருந்தது. எனக்குக் கூட ஆசையாக இருந்தது.

மாலையில் கம்பெனிச் சங்கு ஊதி, அவர் சைக்கிள் காம்பவுண்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் அக்கா போய்க் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அவர் பட்டையைக் கட்டிவிடுவார். அவள் கோடுகளாக இழுப்பாள், பிறகு எழுத்து, பிறகு மறுபடி கோடு. விரல் நுனி வெளுத்து, மணிக்கட்டில் டியூபின் தடம் சிவப்பாக விழுந்திருக்கும். "நோவுதுங்கப்பா" என்பாள். "பழகுனா நோவாது சாமி" என்பார். கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிவிட்டு மறுபடி கட்டுவார்.

கொடுமை என்னவென்றால், ஒரு வாரம் போலக் கோடு நன்றாக வந்தது. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிடிவாதமாக உயிரைக் கொடுத்து இழுத்திருப்பாள். அப்பா அந்தத் துண்டுத் தாளை டூல் ரூமுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். அம்மா அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அன்றைக்கு அக்கா மைசூர்பாகை வாயில் வைத்துக் கடிக்கும்போது உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது. பெரிய பெண் இப்படி வழிய விடுவாயா என்று அம்மா தலையில் செல்லமாகத் தட்டினாள்.

அதன் பிறகு எல்லாம் இறங்குமுகம். தம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் கீழே. சோற்றைப் பிசைந்தால் தட்டைச் சுற்றிச் சோறு. பேச்சு நாக்கில் சுருண்டுகொண்டு வந்தது. ஒரு சாவு வீட்டில் எல்லோரும் அழும்போது அக்கா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்த கண்ணில் பயம் இருந்தது. அம்மா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளியிலிருந்து தமிழ் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். திமிர் ஏறிவிட்டது, எழுதச் சொன்னால் வேண்டுமென்றே கிறுக்குகிறாள், மனசு எங்கேயோ போகிறது, வீட்டில் கண்காணியுங்கள் என்றார். எங்கேயோ என்றால் எங்கே என்று எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். அம்மா அக்காவின் பையைக் கொட்டிப் பார்த்தாள். பாவம், அதில் பேனாவும் மைக்கறை துடைக்கிற துணியும் தவிர ஒன்றும் இல்லை.

ஒரு மத்தியானம் நானும் அவளும் தனியாக இருந்தோம். அவள் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை என்ற பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிச் சொன்னாள். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்டதும் மறுபடி ஆடியது.

மார்ச்சில் பரீட்சை. கட்டையை ஹாலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பித்தளைப் பேனாவை மட்டும் கொண்டுபோனாள். அவளோடு ஒரே ஹாலில் எழுதிய பெண் பிறகு எங்களிடம் சொன்னாள். பேனா திரும்பத் திரும்பத் தரையில் விழுந்துகொண்டே இருந்ததாம். பித்தளை விழுகிற சத்தத்துக்கு ஹாலே திரும்பிப் பார்க்குமாம். சூப்பர்வைசர் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்றாவது தடவை எரிந்து விழுந்தாராம். அதன் பிறகு அக்கா குனிந்து எடுக்கவே இல்லையாம்.

ரிசல்ட்டில் அவள் நம்பர் இல்லை. அப்பா பேப்பரை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அவளோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா, படித்தது போதும், வெள்ளகோவிலில் அண்ணன் மகன் இருக்கிறான், கட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். இன்னொரு கல்யாணம், அதுவும் சொந்தத்திலேயே. நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்பாதான் திடீரென்று ஒரு காலையில் பேசினார். அவருடைய மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. "கருவி சரி. புடியும் சரி பண்ணிப்போட்டேன். அப்பறம் இருக்கறது பாக்கற கண்ணுதான். கோடு எங்க போவுதுன்னு புள்ளைக்குத் தெரியலையாட்ட இருக்குது. கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்."

அப்படித்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் கூட்டிப்போனார்கள். இளவயது டாக்டரம்மா ஒருவர் அக்காவின் தாடையை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொல்லி, மெல்லிய கோடாக ஒரு வெளிச்சத்தைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எழுந்து போய் இன்னொரு பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அவரும் பார்த்தார். அப்பா ஆர்வமாக அந்தக் கருவியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போடோணுங்களா?" என்றார்.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, கருவி வழியாகப் பார்க்கச் சொன்னார். அக்காவின் கருவிழியைச் சுற்றி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். பழைய செப்புப் பாத்திரத்தின் நிறம்.

அங்கிருந்து அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூளை, நரம்பு பார்க்கிற வயதான டாக்டர். சாப்பாட்டில் இருக்கும் செம்புச் சத்தை வெளியேற்ற இந்தப் பிள்ளையின் உடம்புக்குத் தெரியாது, பிறந்ததிலிருந்து அது ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றார். கையெழுத்துத்தான் பெரும்பாலும் முதலில் கெடும், எப்போதிருந்து கெட்டது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா பைக்குள் கையை விட்டு ரப்பர் பேண்ட் போட்ட தாள்கட்டு ஒன்றை எடுத்தார். எல்லா ஞாயிற்றுக்கிழமைத் துண்டுகளும் அதில் இருந்தன. கோடு, பக்கத்தில் அளவு, தேதி. டாக்டர் அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஆடியிலிருந்து சித்திரைவரை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா அளந்து வெச்சிருக்கீங்க. ஆட்டம் மாசா மாசம் எச்சாயிட்டே வந்திருக்குது. அப்பவே ஏனுங்க கூட்டிட்டு வரலை?"

அவர் குரலில் கோபமே இல்லை. அப்பா அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நிப்பைத்தானுங்க அளந்தேன்" என்றார்.

டாக்டர் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று கேட்டார். "அத்தை மகனுங்க. முறைதானுங்க" என்றாள் அம்மா, பழக்க தோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே. இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாக இந்தக் குறை ஒளிந்திருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று விளக்கினார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "இது சின்னவளுங்களா? இவளையும் பாத்துரலாம்."

ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க நான் போகிற சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். காம்பவுண்டில் எல்லோரும் பார்க்க அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூசுக்குப் போன வெட்கம் எனக்கு அன்று பெரிதாக இருந்தது. முடிவு வந்தது. எனக்கும் அதே வியாதி. ஆனால் இன்னும் எதையும் தொடவில்லை. "நல்ல நேரத்துல வந்துட்டீங்க. தெனமும் மாத்திரை போட்டா இவ எல்லாரையும் போல இருப்பா" என்றார் டாக்டர். அம்மா என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வாயைத் துடைத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தாள். அவளைப் பற்றி டாக்டர் அந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் செம்பு என்ற சொல் மட்டும்தான் காதில் ஏறியது. பித்தளையில் முக்கால்வாசி செம்புதான் என்பது டூல் ரூம்காரருக்குத் தெரியாதா? தன் கையால் கடைந்த பித்தளையை மாதக்கணக்கில் பிள்ளையின் விரலில் வைத்து அழுத்தியதால்தான் இப்படி ஆனது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார், பேனாவுக்கும் வியாதிக்கும் சம்பந்தமில்லை என்று. தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைக்கிற செப்புக் குடத்தைத் தூக்கி வெளியே வைத்தார். குடத்தை எடுத்ததாவது சரி, தண்ணீரில் செம்பு இறங்கும். அதோடு நிற்கவில்லை. பித்தளை அண்டா, கூஜா, குத்துவிளக்கு, அம்மா பேர் வெட்டிய சொம்புகள் எல்லாம் சாக்கில் ஏறின.

"என்ற அம்மா ஊட்டுச் சீருங்க அது."

"புள்ளையவிட உனக்குச் சீரு பெருசாப் போச்சா?"

அம்மா எழுந்து வாசலை மறித்து நின்றாள். "அப்படின்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்து அந்தச் சாக்குல கட்டிக் கொண்டுபோயிப் போட்டுட்டு வாங்க. டாக்டரு சொன்னது நம்மளைத்தானுங்க, குடத்தையில்ல."

அப்பா சாக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் சாமான்களை எப்படியும் பழைய பாத்திரக் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். பித்தளைப் பேனாவை மட்டும் கம்பெனிக்குக் கொண்டுபோய், லேத்தில் மாட்டி, கடைசிச் சுருள்வரை சீவித் தள்ளினாராம். கூட வேலை செய்தவர் சொல்லித்தான் தெரியும்.

மாத்திரை மெட்ராஸிலிருந்து வந்தது. எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். நரம்பைத் தொட்டுவிட்டவர்களில் சிலருக்கு மருந்து தொடங்கியதும் முதலில் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அக்காவுக்கு அப்படியே ஆயிற்று. ஐப்பசிக்குள் அவள் கட்டிலோடு ஆகிவிட்டாள். கைகால் முறுக்கிக்கொண்டது. பேச்சு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் புரியும். ஆனால் புத்தி அப்படியே இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

எனக்கும் அந்த வியாதி என்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தாலும், அவளிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் தினமும் அவளுடைய மாத்திரையையே விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ... கோடு... போடு."

எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் டிரேசிங் தாளையும் என் பேனாவையும் எடுத்துவந்து, கட்டில் சட்டத்தின் மேல் வைத்து ஒரு கோடு இழுத்தேன். ஊதாமல் காயவிட்டேன். லென்ஸ் வேண்டும் என்று கண்ணால் காட்டினாள். அவளால் பிடிக்க முடியாது என்பதால் லென்ஸை நான் அவள் கண்ணில் பிடித்து, மறுகையில் தாளைப் பிடித்தேன். அவள் தலை ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தோடு நானும் கையை ஆட்டி ஆட்டி ஒருவழியாகக் கோட்டைக் கண்ணுக்குக் கொண்டுவந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"ஒரே... மாதிரி... இருக்குது" என்றாள்.

பிறகு அழுதாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் அழுதாளா, தனக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாளா, அன்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டுக்குமே அவளுக்கு உரிமை இருந்தது.

கார்த்திகை மழையில் அவளுக்குக் கஞ்சி புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தும் பிழைக்கவில்லை. பதினாறு வயது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கமான பிள்ளை என்றார்கள். அத்தை அவளுடைய கையெழுத்தைச் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா என்னிடம் ஒரு கோடு கேட்டார். இழுத்துக் கொடுப்பேன், பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். அளவு குறிப்பதை நிறுத்தியிருந்தார். நான் பால்பாயின்ட் பேனாவுக்கு மாறிய பிறகும் கேட்டார். அவர் போன பிறகு அந்த லென்ஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

இப்போது சென்னையில் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். போன முறை என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். "ஒரு அறிகுறியும் இல்லாம, அந்தக் காலத்துல, பன்னெண்டு வயசுலயே கண்டுபிடிச்சிருக்காங்களே மேடம். அப்ப நெறைய பேருக்கு என்ன வியாதின்னே தெரியாமப் போயிடும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று சொன்னேன்.